கோழிக்கூடும் பாம்பும்

உலர் வலயத்தில் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் குடும்பங்களின் வளவுகளிலே பத்துப் பதினைந்து ஊர்க்கோழியேனும் இல்லாத வளவு அரிது. கமக்காரர் வயலுக்குச் சென்றிருக்கும் வேளையில் வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளுமே பெரும்பாலும் அவற்றைப் பராமரிக்கின்றனர். களத்திற் சிந்திய நெல்லையும், தவிட்டையும், குசினிக் கழிவையும் தின்று வளரும் இக்கோழிகள் பிள்ளைகளின் உணவுக்கு முட்டையையும், வீட்டுக் கைச்செலவுக்குச் சிறிது பணத்தையும் தருகின்றன.

நோயினாலும் கீரியினாலும் உண்டாகும் நட்டத்தோடு ஒப்பிடுமிடத்துப் பாம்பினால் இறக்கும் கோழிகளின் தொகை பெரிதன்று. ஆயினும் முட்டையெடுக்கக் கை நீட்டிய இடத்தில் ஒரு முறை பாம்பைக் கண்டவர், அதன் பின்னர் அக்கூட்டருகே செல்லவும் அஞ்சுகின்றார். கூடு துப்புரவாக்கப்படுவதில்லை, முட்டைகள் நாட்கணக்கிற் கிடக்கின்றன, சிந்திய தீன் அங்கேயே கிடக்கின்றது. தீனை நாடி எலியும், எலியையும் முட்டையையும் நாடிப் பாம்பும் முன்னிலும் மிகுதியாக வருகின்றன. அச்சத்தினாற் கூட்டைக் கைவிடுதல் பாம்புக்கு இடங்கொடுத்தலாகவே முடிகின்றது. இறுதியில் கோழிகளை விற்றுவிடுவோரும் உளர்.

பாம்பு கூட்டை நாடும் காரணங்களை அறிந்து அவற்றை அகற்றுதலும், கூட்டருகே செல்லும்போது கைக்கொள்ள வேண்டிய பழக்கங்களை அறிதலுமே இவ்வச்சத்துக்கு ஏற்ற மருந்தாகும். அவ்விரண்டும் இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

பாம்பு கூட்டை நாடுவது ஏன்?

பாம்பு மனிதனைத் தேடி வருவதில்லை. அது வளவுக்குள் வருவதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, எலி. கோழித்தீன் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தைப் பாம்பு தன் நாவினால் மணம் அறிந்து கண்டுகொள்ளும். கூட்டருகே காணப்படும் பாம்புகளுட் பல கோழியைப் பொருட்படுத்தாது எலிக்காகவே வருவன.

இரண்டாவது, முட்டையும் குஞ்சும். பாம்பு இரையை மென்று தின்னமாட்டாது, முழுதாகவே விழுங்கும். ஆகவே தன் வாய்க்கு அடங்கும் முட்டையையும் சிறு குஞ்சையும் அது விரும்பும். வளர்ந்த கோழியை விழுங்கவல்லது மலைப்பாம்பு போன்ற பெரும் பாம்பே.

மூன்றாவது, மறைவும் குளிர்ச்சியும். கூட்டின் கீழே அடுக்கிய விறகு, பொச்சுமட்டை, பழைய ஓடு, பனைமட்டை என்பன பாம்புக்கு நல்ல ஒளிப்பிடங்களாம். தண்ணீர்ப் பாத்திரம் ஒழுகிச் சேறாகும் இடத்திற்குத் தவளை வரும். தவளையைத் தேடியும் பாம்பு வரும்.

ஆண்டிலே இரு காலங்களில் விசேட கவனம் வேண்டும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வளைகளில் நீர் புகுதலால் எலியும் பாம்பும் மேட்டு நிலத்தை நாடும். காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் மறைவும் உணவும் குறைதலால் எலிகள் வளவுக்கும் வைக்கோற் கும்பிக்கும் வந்து சேரும். பாம்பும் அவற்றைத் தொடரும். இவ்விரு காலங்களும் தொடங்குமுன் கூட்டைப் பரிசோதித்துத் திருத்துதல் நன்று.

அறிந்திருக்க வேண்டிய பாம்புகள்

இலங்கையில் ஏறத்தாழ 100 இனப் பாம்புகள் உள. அவற்றுள் மனிதனுக்கு உயிராபத்து விளைக்கும் நிலப்பாம்புகள் ஒரு சிலவே. அச்சத்திற் பெரும் பங்கு இவற்றை வேறுபடுத்தி அறியாமையினாலேயே உண்டாகின்றது.

நாகபாம்பு: நல்லபாம்பு எனவும் வழங்கும். எலி, தவளை, முட்டை, குஞ்சு ஆகியவற்றை உண்ணுதலாற் கோழிக்கூட்டிற்கு இது வருதல் கூடும். சினந்தபோதே படம் எடுக்கும். ஆகையாற் படம் காணப்படாமையால் அது நாகமன்று எனத் துணிதல் தவறு.

கண்ணாடி விரியன்: புடையன் எனவும் வழங்கும். உடல் தடித்தது, தலை முக்கோண வடிவினது, முதுகில் முட்டை வடிவான பெரும் புள்ளிகள் மூன்று வரிசையாக அமைந்திருக்கும். அணுகினால் ஓடாது அசைவற்றுக் கிடந்து, உரத்துச் சீறும். வைக்கோல், புல், வயல் வரம்பு என்பன இதன் இருப்பிடங்கள். கூட்டருகே வருவது எலிக்காகவே.

கட்டுவிரியன்: எண்ணெய் விரியன் எனவும் வழங்கும். பளபளப்பான கருநிற உடலில் மெல்லிய வெண்பட்டைகள் உண்டு. இரவில் நடமாடும். வீட்டினுள்ளும் புகுந்து, நிலத்திற் பாய்விரித்து உறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் பெரும்பாலும் இராமையால் மிக ஆபத்தானது.

சுருட்டை விரியன்: சிறியது, வரண்ட மணற்பாங்கான கரையோரங்களிற் காணப்படும். வளைந்து கிடந்து செதில்களை உரசி ஒலி எழுப்பும்.

கூன்மூக்கு விரியன்: இதுவும் சிறியது, மூக்கு நுனி மேல்நோக்கியிருக்கும். ஈர வலயத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் உள்ள தோட்டங்களிற் சருகினுள்ளே கிடக்கும். சருகைக் கையால் அள்ளுவோர் இதனிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

சாரைப்பாம்பு: ஆறடிக்கு மேலும் வளரும், நஞ்சற்றது. கண் பெரிது, உதட்டில் கருங்கோடுகளும், உடலின் பிற்பகுதியிலும் வாலிலும் கரும்பட்டைகளும் உண்டு. விரைந்து ஓடும். குஞ்சைப் பிடித்தல் உண்மையே. ஆயினும் அதன் முக்கிய உணவு எலியும் தவளையுமாம். சாரையின் வாலில் நஞ்சுண்டு என்பதும், சாரையும் நாகமும் இணையும் என்பதும் ஆதாரமற்றவை. பிணைந்து எழுந்து ஆடும் இரு சாரைகள் பெரும்பாலும் தம்முட் பொரும் ஆண் பாம்புகளே.

மலைப்பாம்பு: கிழக்கிலே வெங்கணாந்தி எனவும் வழங்கும். நஞ்சற்றது, ஆயினும் வலிமை மிக்கது. கோழியை முழுதாய் விழுங்கும்.

கட்டுவிரியனைப் போலவே பட்டைகளையுடைய நஞ்சற்ற சிறு பாம்புகளும் வீடுகளிற் பல்லியைத் தேடி வருவதுண்டு. அனுபவமில்லாதவர் இவற்றைப் பிரித்தறிதல் இயலாது. ஆகையால் இன்னதென்று திட்டமாய்த் தெரியாத பாம்பு யாதாயினும் அதை நஞ்சுடையதாகவே கொண்டு விலகி நிற்றல் வேண்டும்.

நட்டம் பாம்பினால் உண்டானதா?

முட்டையோ குஞ்சோ காணாமற் போனவுடன் பாம்பையே குற்றஞ் சாட்டுதல் வழக்கம். அடையாளங்களைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

முட்டை ஓடு உடைந்து கிடக்குமாயின், அது பெரும்பாலும் எலி, காகம், கீரி என்பவற்றின் செயலாகும். பாம்பு முட்டையை ஓட்டோடு விழுங்குதலால் யாதொரு அடையாளமும் இராது.

இரத்தமும் இறகும் சிதறிப் பல கோழிகள் ஒரே இரவில் இறந்து கிடக்குமாயின், அது கீரி, நாய், மரநாய் என்பவற்றின் செயலெனக் கொள்ளலாம்.

குஞ்சுகள் ஒன்றிரண்டாய் அடையாளமின்றி மறைதலும், இறந்த குஞ்சொன்றின் தலையும் கழுத்தும் மாத்திரம் ஈரமாய் ஒட்டிக் கிடத்தலும் பாம்பைக் குறிக்கும். விழுங்க முயன்று இயலாமற் கைவிட்டமையே அவ்வீரத்துக்குக் காரணம். இவ்வாறு இறந்தவற்றைச் சமைத்தலாகாது. ஆழப் புதைத்துவிடல் வேண்டும்.

சில வேளைகளில் விடியற்காலையிற் கூட்டினுள்ளேயே பாம்பு கிடக்கக் காணலாம். சிறு துவாரத்தால் நுழைந்த பாம்பு, முட்டையையோ குஞ்சையோ விழுங்கி வயிறு பருத்தபின் அதே துவாரத்தால் வெளியேற இயலாது தங்கிவிடுவதே இதற்குக் காரணம். முட்டையெடுக்கச் செல்வோர் எதிர்பாராது பாம்பைக் காண்பது பெரும்பாலும் இந்நிலையிலேயே. அது அவர்களுக்காகக் காத்திருப்பதன்று. வழி அடைபட்டுக் கிடப்பதாகும்.

கூட்டை அமைத்தலும் திருத்துதலும்

புதிதாகக் கூடு அமைப்போர் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. கூட்டின் தளம் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் இருத்தல் நன்று. கூட்டின் கீழ்ப்பாகம் முழுதும் வெறுமையாய், குனிந்து பார்த்தவுடன் மறுபுறம் தெரியத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

2. தாங்கும் கால்களைச் சுற்றி ஒன்றரை அடி அகலமான வழுவழுப்பான தகரம் அடித்தால் எலி ஏறுதல் தடைப்படும். பாம்பு ஏறுதலும் கடினமாகும். கூட்டின் மேல் சாயும் மரக்கொப்புகளை வெட்டிவிடல் வேண்டும். பாம்பு மரத்தால் ஏறிக் கூரையால் இறங்குவதும் உண்டு.

3. கோழிகளை அடைக்க வழங்கும் அறுகோணக் கண் கம்பி வலை பாம்பைத் தடுக்காது. தலை நுழையும் துவாரத்தால் உடலும் நுழையும். கால் அங்குலச் சதுரக் கண்ணுடைய கம்பி வலையே ஏற்றது. கதவின் கீழும் பலகை இடுக்குகளிலும் இதனிலும் பெரிய இடைவெளி இருத்தலாகாது.

4. நிலத்தோடு அமைந்த கூடாயின், வலையை நிலத்தினுள் ஓரடி ஆழத்துக்குப் புதைத்தல் வேண்டும். தளத்தைச் சீமெந்திடுதல் நன்று. இயலாதவர் களிமண்ணை இறுக்கி, எலி வளைகளை உடைந்த கண்ணாடியும் சீமெந்தும் இட்டு அடைத்தல் வேண்டும்.

5. ஓலைக் கூரையில் எலியும் பாம்பும் எளிதில் தங்கும். ஓலையே வேய வேண்டியிருப்பின் ஆண்டுதோறும் பழைய ஓலையை முற்றாக நீக்கிப் புதிதாக வேய்தல் வேண்டும்; பழையதன் மேலேயே புதியதை அடுக்குதல் கூடாது.

முழுக் கூட்டுக்கும் நுண்ணிய வலை வாங்குதல் பலருக்கு இயலாது. அவர்கள் அடைக்கோழியும் குஞ்சும் இரவைக் கழிக்கும் ஒரு பெட்டியையேனும் அவ்வலையாற் செய்துகொள்ளல் வேண்டும். வளர்ந்த கோழிகளுக்குப் பாம்பினால் வரும் ஆபத்து குறைவு. குஞ்சுகளையும் முட்டைகளையும் காத்துவிட்டாற் பாம்பு கூட்டுக்கு வருவதற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று நீங்கும்.

மரக்கறித் தோட்டங்களிற் பறவைகளைத் தடுக்க விரிக்கும் மெல்லிய நைலோன் வலையைக் கூட்டைச் சுற்றிக் கட்டுதல் நன்றன்று. பாம்பு அதிற் சிக்கிக்கொள்ளும். சிக்கிய பாம்பை விடுவிக்க முயல்வோர் கடியுண்ண நேரிடும்.

வளவைத் துப்புரவாக வைத்திருத்தல்

கூட்டைச் சுற்றிப் பத்தடி தூரம் புல்லும் பற்றையும் இன்றி வெளியாய் இருத்தல் வேண்டும். மறைவில்லாத வெளியைக் கடக்கப் பாம்பு தயங்கும். கடக்குமாயினும் கண்ணுக்குத் தெரியும். விறகு, பொச்சுமட்டை, கல், ஓடு என்பவற்றைக் கூட்டுக்கும் வீட்டுக்கும் தூரத்தில், நிலத்தில் நேரே படாமற் குறுக்குத் தடிகளின் மேல் அடுக்குதல் வேண்டும். வைக்கோற் கும்பியும் கூட்டெருக் குவியலும் கூட்டின் பக்கத்தில் இருத்தலாகாது.

தீனைப் பற்றிய கவனமே எல்லாவற்றிலும் முக்கியமானது. மாலையிற் கோழிகள் தின்று மீந்த தீனைப் பாத்திரத்தோடு எடுத்துவிடல் வேண்டும். தவிடு, சோளம், நெல் என்பவற்றைச் சாக்கில் வையாது, மூடியுள்ள தகரப் பீப்பாயில் வைத்தல் வேண்டும். எலிப்பொறிகளை இடைவிடாது வைத்துவரல் வேண்டும். எலிப்பாஷாணம் இடுதல் கூட்டருகே தகாது. அதைத் தின்று இறந்த எலியைக் கோழியோ நாயோ தின்று மாளுதல் கூடும்.

இங்கு ஒன்றை நினைவிற்கொள்ளல் அவசியம். எலி நெல்லையும் மரக்கறியையும் அழிப்பதோடு, வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலையும் உண்டாக்குகின்றது. 2008 ஆம் ஆண்டு இலங்கையிற் பரவிய எலிக்காய்ச்சலால் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனரென மதிப்பிடப்பட்டது. எலியை அதன் வளைக்குள்ளேயே புகுந்து பிடிக்கவல்ல சாரையைக் கண்டவிடமெல்லாம் அடித்துக் கொல்லும் கமக்காரர், சம்பளமின்றி வேலை செய்யும் காவற்காரனை இழக்கின்றார். கூட்டை இறுக அடைத்துவிட்டுச் சாரையை வயலில் விட்டுவிடுதலே இலாபமானது.

முதலிற் கண், பின்னர் தடி, கடைசியிற் கை

கூட்டு வேலை செய்வோர் யாவரும், சிறப்பாக முட்டை எடுக்கும் பிள்ளைகள், இவ்விதியைப் பழகிக்கொள்ளல் வேண்டும்.

கண்: வெளிச்சத்திலேயே முட்டை எடுத்தல் வேண்டும். காலை ஒன்பது மணியளவில் ஒரு தரமும், மாலை நான்கு மணியளவில் ஒரு தரமும் எடுத்தல் போதும். முட்டையிடும் கடகத்தை, அல்லது பெட்டியை, உள்ளே முற்றாகத் தெரியும் உயரத்திலும் திசையிலும் வைத்தல் வேண்டும். தலைக்கு மேலே கையை மாத்திரம் நீட்டித் துழாவும்படி எந்தப் பெட்டியும் இருத்தலாகாது. வைக்கோலை மெல்லிதாகப் பரப்புதல் வேண்டும். ஆழமாக இட்ட வைக்கோலினுள் யாது கிடக்கிறதென்பது தெரியாது.

தடி: நாலடி நீளமான தடியொன்று கூட்டு வாசலில் எப்பொழுதும் தொங்குதல் வேண்டும். கதவில் இரு தரம் தட்டிவிட்டுச் சிறிது தாமதித்துத் திறத்தல் வேண்டும். பாம்பு நிலத்தினதும் பலகையினதும் அதிர்வை உடலால் உணரும், வழியிருப்பின் விலகிப்போகும். பின்னர் தடியினால் வைக்கோலைக் கிளறிப் பார்த்தல் வேண்டும்.

கை: பார்த்த இடத்திலேயே கை செல்லுதல் வேண்டும், பாராத இடத்திற் செல்லலாகாது. விறகெடுத்தல், பூசணிக் கொடியின் கீழே காய் தேடுதல், வைக்கோல் இழுத்தல் ஆகிய எல்லா வேலைகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

இரவிற் கோழிகள் அலறினால் வெறுங்காலோடு இருளில் ஓடுதல் கூடாது. கோழிக்கு வந்த ஆபத்தை விட ஓடுபவருக்கு வரக்கூடிய ஆபத்துப் பெரிது. மூடிய பாதரட்சை அணிந்து, ரோச் லைற் எனப்படும் மின்சூளைக் காலடியில் பிடித்து, தடியோடு மெதுவாகச் செல்லல் வேண்டும். மின்சூளைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு உறங்குதல் நல்ல பழக்கமாகும்.

பாம்பைக் கண்டால்

1. உடனே அசையாது நின்று, பின்பு மெதுவாகப் பின்வாங்கி, ஆறடிக்கு மேற்பட்ட தூரத்தில் நிற்க. அத்தூரத்திலிருந்து பாம்பு கடித்தல் இயலாது.

2. பிள்ளைகளையும் நாயையும் அப்பாற்படுத்துக.

3. கூட்டுக் கதவை நீண்ட தடியால் அகலத் திறந்துவிட்டு, பாம்பு வெளியேறும் வழியில் ஒருவரும் நில்லாது பார்த்துக்கொள்க. பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். இரை விழுங்கிய பாம்பு மெதுவாகவே போகும். அதைக் குத்தி விரைவுபடுத்த முயலலாகாது.

4. பாம்பு போன திசையையும் நுழைந்த துவாரத்தையும் கண்டு, அன்றே அதனை அடைத்துவிடுக.

5. பாம்பு வெளியேறாதிருந்தாலோ, மலைப்பாம்பாயினோ, பாம்பு பிடிக்கப் பயிற்சி பெற்றவருக்கு, அல்லது அண்மையிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்திற்கு அறிவிக்குக.

பாம்பை அடிக்கவும் பிடிக்கவும் முயலும்போது கடியுண்போர் பலர். விலகி நின்றவருக்கு அவ்வாபத்து இல்லை. செத்ததெனத் தோன்றும் பாம்பையும், வெட்டுண்ட தலையையும் கையாற் தொடலாகாது. வெட்டுண்ட தலையும் சிறிது நேரம் கடிக்க வல்லது.

அச்சத்தை வெல்லுதல்

பாம்பைக் கண்டு அஞ்சுதல் எவருக்கும் இயல்பு. அதில் வெட்கப்பட யாதுமில்லை. பின்வாங்கச் செய்யும் அச்சம் உயிரைக் காக்கும். பார்க்கவும் சிந்திக்கவும் விடாத அச்சமே தீங்கு செய்யும். முந்தியதைக் காத்துப் பிந்தியதை அகற்றுதல் வேண்டும்.

அச்சத்தை அளந்து பார்க்க ஒரு கணக்கு உதவும். 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஓராண்டிற் பாம்புக்கடிக்கு ஆளானோர் ஏறத்தாழ 80,000 பேர். அவர்களுள் நஞ்சேறியோர் ஏறத்தாழ 30,000 பேர். இறந்தோர் 400 பேருக்கு மேற்பட்டோர். இறந்தோர் தொகை சிறிதன்று. ஒவ்வொரு மரணமும் ஒரு குடும்பத்தின் துயரமாகும். ஆயினும் கடியுண்டோருட் பெரும்பாலோர்க்கு நஞ்சேறவில்லை என்பதும், நஞ்சேறியோரிலும் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர் என்பதும் இதனால் விளங்கும். கடித்தால் மரணம் நிச்சயம் என்னும் எண்ணமே மனத்தைக் கலக்குவது, அவ்வெண்ணம் உண்மையன்று.

கூட்டருகே செல்ல அஞ்சுவோரை ஏளனஞ் செய்தலும், கட்டாயப்படுத்தி அனுப்புதலும் பயன் தரமாட்டா. சிறிது சிறிதாகப் பழக்குதலே சிறந்தது. முதற் சில நாட்களுக்கு வீட்டிலுள்ள வேறொருவரோடு, நல்ல வெயிலில், கூட்டைச் சுற்றி நடந்துவரச் செய்க. அடுத்து, கூட்டின் கீழே கிடக்கும் பொருள்களை இருவரும் சேர்ந்து அகற்றுக. பின்பு ஒருவர் தடியாற் கிளற, மற்றவர் முட்டை எடுக்கட்டும். பிறகு துணைக்கு வந்தவர் சற்றுத் தூரத்தில் நிற்க, அஞ்சியவர் தாமே எடுக்கட்டும். ஒரு படியிலே மனம் அமைதியடைந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லல் வேண்டும். தம் கையாலேயே துவாரங்களை அடைத்து, தம் கண்ணாலேயே வெறுமையைப் பார்த்தவருக்குப் பிறர் சொல்லும் தைரிய வார்த்தைகள் தேவைப்படமாட்டா.

பிள்ளைகளுக்குப் பாம்பைப் பற்றிப் பயமுறுத்தும் கதைகளைச் சொல்லுதலை விட, கண்டவுடன் நின்று, பின்வாங்கி, பெரியவரைக் கூப்பிடப் பழக்குதல் நன்று. அதனை விளையாட்டாகவே ஒரு கயிற்றைப் போட்டுப் பலமுறை பழக்கலாம். அடிபட்ட பாம்பு பழிவாங்க வரும் என்பதற்கும், பாம்பு பால் குடிக்க வரும் என்பதற்கும் ஆதாரமில்லை.

நாகத்தை வழிபடுதல் நம் நாட்டிற் பழைய வழக்கம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும், புளியம்பொக்கணை, புதூர் ஆகிய இடங்களிலுள்ள நாகதம்பிரான் கோயில்களுக்கும் கமக்காரர் பலர் நேர்த்தி வைத்துச் செல்கின்றனர். நல்லபாம்பை அடிக்க மனமொவ்வாதவர் இங்கு கூறிய முறைகளால் தம் நம்பிக்கைக்கு மாறின்றியே கோழிகளைக் காத்துக்கொள்ளலாம். வணங்குவோரும் நாகத்தை விலகி நின்றே வணங்குவர். அவ்விலகலே இங்கும் வேண்டப்படுவது.

பயனற்ற முறைகள்

கூட்டைச் சுற்றி உள்ளி நீர் தெளித்தல், பூச்சிக் குண்டு இடுதல், கந்தகம் தூவுதல், மண்ணெண்ணெய் ஊற்றுதல் என்பவற்றாற் பாம்பைத் தடுத்தல் இயலாது. பூச்சிக் குண்டும் மண்ணெண்ணெயும் கோழிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தீங்கு செய்யும். இவற்றுக்குச் செலவிடும் பணத்திற் கம்பி வலை வாங்குதல் மேலானது.

பாம்பு கடித்தால்

1. கடியுண்டவரை அமைதிப்படுத்தி, நடக்கவிடாது இருத்துக, அல்லது கிடத்துக. மோதிரம், காப்பு, இறுகிய உடை என்பவற்றைக் கழற்றுக.

2. கடிவாயைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு மெதுவாகக் கழுவுக.

3. கடியுண்ட கையையோ காலையோ மட்டையொன்றை வைத்துத் தளர்வாகக் கட்டி, அசையாது வைத்துக்கொள்க. இரத்த ஓட்டம் தடைப்படும்படி இறுகக் கட்டலாகாது, கீறலாகாது, உறிஞ்சலாகாது, சுடலாகாது. மதுவும் அஸ்பிரினும் கொடுக்கலாகாது.

4. தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தாற் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். மயக்கமோ வாந்தியோ இருப்பின் இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்துக. கடித்த நேரத்தை நினைவிற்கொள்க. பாம்பைத் தேடிப் பிடிப்பதில் நேரம் போக்கலாகாது.

அரசாங்க வைத்தியசாலைகளில் நஞ்சு முறிக்கும் ஊசி மருந்து இலவசமாக வழங்கப்படுகின்றது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் அது எதிர்க்கும். கூன்மூக்கு விரியனின் நஞ்சுக்கு அம்மருந்து பயன்படாதாயினும், அதனாற் சிறுநீரகத்துக்கும் இரத்தத்துக்கும் நேரும் கேட்டைக் கண்டறிந்து சிகிச்சை செய்ய வைத்தியசாலையிலேயே முடியும். விஷகடி வைத்தியரிடம் முதலிற் சென்று, நஞ்சு ஏறிய பின் வைத்தியசாலைக்கு வருதல் உயிரிழப்புக்கு ஒரு காரணமாகின்றது.

கட்டுவிரியன் கடியைப் பற்றி விசேடமாக அறிந்திருத்தல் வேண்டும். இரவில் நிலத்தில் உறங்கியவர் விடியுமுன் வயிற்று நோவோடு எழுந்து, பின்னர் கண்ணிமை தொங்கி, பேச்சுக் குழறினால், கடிவாய் காணப்படாவிடினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். கட்டிலிற் படுத்து, நுளம்பு வலையின் ஓரங்களை மெத்தையின் கீழ்ச் செருகி உறங்குதல் இக்கடியைத் தடுக்கச் சிறந்த வழியாகும். வயற்காவலுக்குச் செல்வோரும் கொட்டிலிற் பரண் அமைத்து, வலையிட்டே உறங்குதல் வேண்டும்.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவை

காலையில்: கதவைத் தட்டித் திறக்க. தடியாற் கிளறிப் பார்த்த பின்னரே முட்டை எடுக்க. குஞ்சுகளை எண்ணுக.

மாலையில்: மீண்டும் முட்டை எடுக்க. மீந்த தீனை அகற்றுக. எலிப்பொறி வைக்க. பொழுதுபடுமுன் கோழிகளை அடைத்துக் கதவிடுக்கைப் பார்க்க.

வாரத்தில் ஒரு நாள்: கூட்டின் கீழும் சுற்றிலும் துப்புரவாக்குக. வலை அறுந்த இடங்களையும் எலி வளைகளையும் கண்டு அடைக்குக.

மழைக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும்: விறகு, ஓலை, வைக்கோல் என்பவற்றை இடம்மாற்றி அடுக்குக. கூட்டுக் கூரையைப் பரிசோதிக்குக.

இவற்றை ஒழுங்காகச் செய்துவரும் வளவிலும் எப்போதாவது ஒரு பாம்பு வரலாம். வந்தாலும் அதற்கு அங்கே எலி இல்லை, முட்டை இல்லை, ஒளிக்க இடமில்லை. அது தன் வழியே போய்விடும். மறுநாட் காலையிற் பிள்ளை கூட்டுக்குச் சென்று, கதவைத் தட்டி, பார்த்து, கிளறி, முட்டையோடு திரும்பிவரும்.